நிலுவை என்றொரு சொல்

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அமெரிக்க அரசு முடங்கிக் கிடந்தது. நிதி ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறாததால் அலுவலகங்கள் மூடப்பட்டன, ஊழியர்கள் பலர் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்கள், 4 கோடிக்கும் அதிகமானவர்கள் நம்பியிருந்த உணவு உதவி நவம்பரில் தடுமாறியது. மொத்தம் 43 நாள். நம் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும்கூட அதை நாள் எண்ணிச் சொல்லின. 'அரசு முடக்கம்' என்று அதற்கு ஒரு பெயர் இருந்தது. தொடங்கிய தேதி இருந்தது, முடிந்த தேதி இருந்தது. முடக்கம் முடிந்ததும் ஊழியர்களுக்கு விட்டுப்போன சம்பளம் கிடைக்க 2019இல் இயற்றிய சட்டமும் இருந்தது.

இந்தியாவில் இப்படி நடக்காது என்பார்கள். நடைமுறையில் அது சரிதான். இங்கே மக்களவையில் பட்ஜெட் தோற்றால் அமைச்சரவையே விழுந்துவிடும். பட்ஜெட் தாமதமானால் இடைக்காலச் செலவுக்கு அனுமதி வாங்கிக்கொள்ள அரசியல் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆகவே இங்கே தில்லி அலுவலகங்களின் கதவுகள் மூடுவதில்லை. பணம் வராமல் போவதற்கும் அந்தக் கதவுகளுக்கும் தொடர்பு இருப்பதில்லை.

2024 நவம்பர் 27 முதல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கான கூலி வரவில்லை. 2025 ஜனவரியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் பாக்கி ₹1,056 கோடி. மார்ச்சில் அது ₹4,034 கோடியாக வளர்ந்துவிட்டது. மார்ச் 29 அன்று ஆளுங்கட்சி மாநிலம் முழுக்க ஒன்றியம் ஒன்றியமாக ஆர்ப்பாட்டம் நடத்தியது. கோடையில்தான் ₹2,999 கோடி வந்தது. இந்த மாதங்களுக்கு நாம் பெயர் எதுவும் வைக்கவில்லை. நாளையும் எண்ணவில்லை. 'நிலுவை' என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

விழுப்புரத்துக்கு இந்தத் திட்டம் புதிதல்ல. 2006 பிப்ரவரி 2 அன்று நாடு முழுவதும் 200 மாவட்டங்களில் இது தொடங்கியபோது தமிழ்நாட்டுக்குக் கிடைத்த ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. ஏரி தூர்வாருவது, வரத்துக்கால்வாய் வெட்டுவது, பண்ணைக்குட்டை தோண்டுவது என்று நடந்ததால் இன்றும் பலர் 'ஏரி வேலை' என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள். நிலத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பது இந்தப் பக்கத்தில் யாரும் வெட்கப்படாத வழக்கம். ஏரியில் இருவருக்கும் ஒரே விகிதம். அதுவும் அவள் பெயரில் உள்ள கணக்கிலேயே விழும். கணவரோ மகனோ கேட்டு வாங்கலாம், பிடுங்கவும் செய்யலாம். ஆனால் முதலில் அது அவளுடைய பணம். நின்றுபோனது இந்தப் பணம்தான்.

நின்ற வேளையையும் பார்க்க வேண்டும். மூன்று நாள் கழித்து, நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. பயிர் மூழ்கினால் நிலத்தில் கூலி வேலையும் இல்லை. வேலைவாய்ப்புச் சட்டம் இயற்றப்பட்டதே இப்படிப்பட்ட மாதங்களுக்காகத்தான். அந்த மாதத்தில்தான், செய்து முடித்த வேலைக்கான கூலியும் வரவில்லை.

தமிழ் கற்பிப்பவளாகச் சில சொற்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நிலுவை, 'நில்' என்ற வினையடியிலிருந்து வருவது. நின்றுபோனது, அவ்வளவுதான். யார் நிறுத்தினார்கள் என்று அந்தச் சொல் சொல்லாது. இதற்குச் சரியான சொல் கடன். தமிழில் கடன் என்றால் திருப்பித் தர வேண்டியது, கடமை, இரண்டும்தான். அரசு அந்தப் பெண்களுக்குக் கடன்பட்டிருந்தது என்று எந்தத் தலைப்புச் செய்தியும் எழுதவில்லை. பணம் வந்தபோது 'நிதி விடுவிப்பு' என்றார்கள். சிறையில் இருப்பவரை விடுவிப்போம். கூலியைச் சிறைவைத்தது யார்? எனக்கு மிகவும் உறுத்துவது 'பயனாளி' என்ற சொல். மண் வெட்டிச் சுமந்தவள் தொழிலாளி. அவளைப் பயனாளி என்று எழுதத் தொடங்கியதும் கூலி உதவித்தொகை ஆகிவிடுகிறது. உதவி எப்போது வந்தாலும் நன்றி சொல்ல வேண்டியதுதானே.

2025 மார்ச் 25 அன்று மக்களவையில் ஒன்றிய இணையமைச்சர் பெம்மசானி சந்திரசேகர் சொன்ன பதிலிலும் இதே சறுக்கல். 7 கோடிப் பேர் உள்ள தமிழ்நாடு ₹10,000 கோடிக்கு மேல் வாங்கியிருக்கிறது, 20 கோடிப் பேர் உள்ள உத்தரப்பிரதேசமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வாங்கியிருக்கிறது என்றார். பந்தியில் சோறு பரிமாறும்போது இலைகளை எண்ணலாம். கூலி கொடுக்கும்போது வேலை செய்த நாளை எண்ண வேண்டும். மக்கள்தொகை எத்தனை என்பதற்கும் ஒலக்கூர் ஒன்றியத்தில் ஒருத்தி ஏரியில் நின்ற நாளுக்கும் என்ன தொடர்பு?

சட்டப்படி 15 நாளுக்குள் கூலி தர வேண்டும். தாமதித்தால் 16ஆம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி ₹319. இருபது நாள் வேலை செய்தவளுக்கு ₹6,380 பாக்கி. அதற்கு ஒரு நாள் இழப்பீடு ₹3.19. நூறு நாள் இழுத்தடித்தால் ₹319. அதாவது நூறு நாள் காத்திருந்ததற்கு ஒரு நாள் கூலி. இதையும் மாநில அளவில் நடக்கும் தாமதத்துக்கு மட்டுமே கணக்கிட்டு, ஒன்றிய அரசு பணம் அனுப்பத் தாமதிப்பதைக் கணக்கிலேயே சேர்க்காமல் வந்தார்கள். அது தவறு என்று 2018 மே மாதமே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அமெரிக்க முடக்கம் கண்ணுக்குத் தெரிந்ததற்கு ஒரு காரணம், அங்கே விமானங்கள் தாமதமாயின. நடுத்தர வர்க்கம் வரிசையில் நின்றது. இங்கே முடக்கத்தை யாருக்கும் தெரியாமல் தாங்கியவர்கள் பெண்கள். குழுக் கடனுக்கு வாரத் தவணை தள்ளிப்போகாது, அடுத்தவளிடம் கைமாற்று வாங்கிக் கட்ட வேண்டும். தோடு அடகுக்குப் போகும். ரேஷன் அரிசி இருப்பதால் உலை கொதிக்கும், குழம்புக்குத்தான் எதுவும் இருக்காது. மாநில அரசின் மகளிர் உரிமைத்தொகை ₹1,000 மாதம்தோறும் வந்தது. கல்லூரிக்கு வரும் மகளின் புதுமைப்பெண் திட்டப் பணமும் வந்தது. அந்த மாதங்களில் அந்த ₹1,000 வீட்டுக்குப் போனதாகச் சொன்ன மாணவிகள் உண்டு. சொல்லும்போது அவர்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. வீடு நின்றுவிடாமல் பெண்கள் ஓட்டிவிடுவதால்தான் அரசு நின்றுபோனது தெரியாமல் போகிறது.

தெரிந்த இடமும் ஒன்று உண்டு. 'பணம் எப்போ ஏறும்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவள் பணித்தளப் பொறுப்பாளர். அவளும் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண், காலையிலும் மதியத்திலும் செயலியில் படம் பிடித்து வருகைப் பதிவு செய்பவள். தில்லி மீதிருந்த கோபம் ஏரிக்கரையில் அவள் மேல்தான் இறங்கியது.

இதற்கிடையில் 'மரத்தடியில் உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறார்கள்' என்ற நக்கல் மட்டும் நிலுவையில்லாமல் வந்துகொண்டிருந்தது. அறுபது வயதைத் தாண்டியவள் உச்சி வெயிலில் மரத்தடியில் உட்கார்ந்தால் அது ஏன் இத்தனை பேரை உறுத்துகிறது என்று கேட்டால், நக்கலுக்குப் பின்னால் இருப்பது தெரியும். நாற்று நடவுக்கும் களையெடுக்கவும் மல்லாட்டை பிடுங்கவும் சொன்ன கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற ஆத்திரம் அது. ஏரி வேலை இருக்கும்வரை ஒரு பெண் 'அந்தக் கூலிக்கு வரமாட்டேன்' என்று சொல்ல முடிந்தது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்தை மாற்றிப் புதிய சட்டம் இயற்றியது. காந்தியின் பெயர் போனதைப் பற்றி நிறைய எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். வேலை 125 நாளாகக் கூடுகிறது என்பதும் நன்றாகப் பரவியது. ஆனால் ஊதியச் செலவில் 40 சதவீதத்தை இனி மாநிலம் ஏற்க வேண்டும், ஒன்றிய அரசு வகுக்கும் ஒதுக்கீட்டைத் தாண்டினால் முழுச் செலவும் மாநிலத்தின் தலையில். விவசாயப் பருவத்தில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையே கிடையாது என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. நிலத்தில் ஆள் தட்டுப்பாடு வரக்கூடாதாம். அந்த 60 நாள் எவை என்று மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்கும். திண்டிவனம் பக்கத்தில் அது நடவுக்காலமா, மல்லாட்டைக் காலமா என்று முடிவெடுக்கும்போது யாரைக் கேட்பார்கள்? நிலம் வைத்திருப்பவரையா, அந்த நிலத்தில் குனிந்து நிற்பவளையா?