பொதுக்கல்வித் தேவைகளும் இணையவழிப் பாடங்களும்: தூத்துக்குடிக் கடற்கரையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இளநிலைப் பட்டப்படிப்பில் முதன்மைப் பாடத்திற்கு அப்பால் மாணவர் பயில வேண்டிய பொதுக்கல்விப் பகுதியை இணையவழிப் பாடங்களால் நிறைவு செய்யப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இடமளிக்கின்றன. தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகளில் ‘பகுதி 4’ என வழங்கும் பாடங்களே இப்பொதுக்கல்விக்கு நெருக்கமானவை. அவற்றுள் எவை இணையவழிக்கு ஏற்றவை, எவை ஏற்றவையல்ல என்பதைத் தூத்துக்குடிப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தகுதிப்புள்ளி அளவில் ஒப்புமை காட்டும் இரு பாடங்கள் நோக்கத்தில் ஒப்புமை உடையனவாக இருக்க வேண்டியதில்லை என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பொதுக்கல்வி, பகுதி 4, ஸ்வயம், தகுதிப்புள்ளி, சுற்றுச்சூழல் கல்வி, அடிப்படைத் தமிழ், களப்பணி.

முன்னுரை

ஒரு துறையில் மட்டும் தேர்ச்சி பெற்றவர் கற்றவராகிவிடுவதில்லை என்னும் எண்ணமே பொதுக்கல்வியின் அடிப்படை. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1945இல் வெளியிட்ட பொதுக்கல்வி அறிக்கை அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கு நிலையான வடிவம் கிடைக்க வழிவகுத்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவும் (1948-49) பட்டப்படிப்பில் பொதுக்கல்வி இடம்பெற வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

விருப்பத் தேர்வுத் தகுதிப்புள்ளி முறை நடைமுறைக்கு வந்தபின் தமிழகக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பு ஐந்து பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதி தமிழ் அல்லது பிறமொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதி முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும். ஐந்தாம் பகுதி நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணி. நான்காம் பகுதியில் அடிப்படைத் தமிழ், சிறப்புத் தமிழ் அல்லது துறை சாரா விருப்பப்பாடம், திறன்சார் பாடங்கள், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி ஆகியவை இடம்பெற்றன. குறைந்த தகுதிப்புள்ளிகள் கொண்ட இப்பகுதி, கால அட்டவணையிலும் மதிப்பிலும் கடைசி இடத்தைப் பெற்றே வந்துள்ளது. இணையவழிக்கு மாற்றலாம் என்ற பேச்சு எழும்போது முதலில் சுட்டப்படுவதும் இப்பகுதியே. ஆகவே அதன் நோக்கத்தை மீண்டும் எண்ணிப் பார்ப்பது தேவையாகிறது.

விதிகள் கூறுவன

பல்கலைக்கழக மானியக் குழு 2016 ஜூலையில் வெளியிட்ட ஸ்வயம் தகுதிப்புள்ளி ஒழுங்குமுறை விதிகள், ஒரு பருவத்தில் ஒரு படிப்புக்குரிய பாடங்களில் 20 விழுக்காடு வரை இணையவழியில் பயில இசைவளித்தன. ஸ்வயம் தளம் 2017 ஜூலை 9 அன்று முறையாகத் தொடங்கப்பட்டது. 2021இல் வெளியான புதிய விதிகள் அந்த வரம்பை 40 விழுக்காடாக உயர்த்தின. காணொலி விரிவுரை, வாசிப்புப் பாடம், கலந்துரையாடல் அரங்கு, தன்மதிப்பீடு என்னும் நான்கு கூறுகளைக் கொண்டது ஸ்வயம் பாடம்.

இவ்விதிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது. 2016 விதிகளில் அதனினும் முதன்மையான இரு செய்திகள் உள்ளன. எந்தச் சூழலில் இணையவழிப் பாடத்தை ஏற்கலாம் என்பது ஒன்று. பாடம் நடத்தத் தகுந்த ஆசிரியர் இல்லாதபோது, மாணவர் விரும்பும் விருப்பப்பாடம் கல்லூரியில் இல்லாதபோது, கல்லூரிக் கற்பித்தலுக்கு அப்பாடம் துணையாக அமையும்போது என விதிகள் வகுத்துரைக்கின்றன. மாணவர் பயிலும் கல்லூரி, ஆசிரியர் ஒருவரைப் பாட ஒருங்கிணைப்பாளராக நியமித்து, பாடம் முழுவதும் அவர் மாணவருக்கு வழிகாட்டவும் செய்முறைகளை நடத்தவும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. அதாவது, உள்ளூர் ஆசிரியரை விலக்கிவிட்டு நடக்கும் இணையவழிக் கல்வியை விதி கருதவில்லை.

முதற்காரணத்தில் ஓர் இடர் உண்டு. ஆசிரியர் இல்லாமையை ஈடுசெய்ய வந்த இணையவழிப் பாடம், ஆசிரியர் இல்லாமையே இயல்பு என்னும் நிலையை உருவாக்கக்கூடும். தமிழ்த்துறையினர் நடத்தும் அடிப்படைத் தமிழ், சிறப்புத் தமிழ் ஆகியவற்றின் பாடவேளைகள் இவ்வாறு கரைந்தால், நிரப்பப்படாத பணியிடம் தேவையற்ற பணியிடமாகக் கணக்கிடப்பட நெடுங்காலம் ஆகாது.

எண்ணளவு ஒப்புமையும் அதன் வரம்பும்

என்பிடிஇஎல் வழங்கும் பாடங்களில் நான்கு வாரப் பாடத்துக்கு ஒன்று, எட்டு வாரத்துக்கு இரண்டு, பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று எனத் தகுதிப்புள்ளி கணக்கிடப்படுகிறது. வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25 விழுக்காடும், மையத்திற்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் மதிப்பெண்ணாகச் சேர்கின்றன. இவ்வமைப்பு நேர்மையானது, ஒரே அளவுகோலில் பல்லாயிரம் மாணவரை மதிப்பிட வல்லது. ஆயினும் இங்கு அளக்கப்படுவது காலமும் நினைவாற்றலும் புரிதலுமே. ஒரு பாடம் மாணவரை எங்குச் செல்லவும் எதைக் காணவும் யாரோடு உரையாடவும் வைக்க வேண்டும் என எதிர்பார்க்கிறதோ, அந்த எதிர்பார்ப்பை வாரக் கணக்கு அளப்பதில்லை.

அமெரிக்காவின் சான் ஜோஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2013இல் நிகழ்ந்தவை இங்கு எண்ணத்தக்கவை. யுடாசிட்டி நிறுவனத்துடன் இணைந்து அப்பல்கலைக்கழகம் அடிப்படைக் கணிதம், இயற்கணிதம், புள்ளியியல் ஆகிய தொடக்கநிலைப் பாடங்களைத் தகுதிப்புள்ளியுடன் இணையவழியில் நடத்தியது. நேரடி வகுப்பைவிடத் தேர்ச்சி குறைந்ததால் அவ்வாண்டு ஜூலையில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் மெய்யியல் துறையினர், ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டல் நடத்திய நீதி பற்றிய காணொலிப் பாடத்தைத் தம் வகுப்பில் பயன்படுத்த மறுத்து அவருக்கு வெளிப்படைக் கடிதம் எழுதினர். பாடத்தின் தரத்தை அவர்கள் குறைகூறவில்லை. சமூகநீதி பற்றிய ஒரே பாடம் நாடெங்கும் ஒரே குரலில் ஒலிப்பதையும், பல பின்புலங்களிலிருந்து வரும் தம் மாணவர் பிறர் வகுப்பின் உரையாடலைப் பார்வையாளராக நின்று காண நேர்வதையுமே எதிர்த்தனர். முதல் நிகழ்வு தேர்ச்சியைப் பற்றியது; இரண்டாவது பொதுக்கல்வியின் பொருளைப் பற்றியது.

சுற்றுச்சூழல் கல்வி: களம் இழந்த பாடம்

உச்ச நீதிமன்றம் எம்.சி.மேத்தா வழக்கில் 1991இல் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்தே சுற்றுச்சூழல் கல்வி கட்டாயப் பாடமாயிற்று. அதற்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறுமாதப் பாடத்திட்டம் 50 பாடவேளைகளைக் கொண்டது. அவற்றுள் ஐந்து களப்பணிக்கு உரியவை. 100 மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கே ஒதுக்கப்பட்டது. உள்ளூரின் இயற்கை வளம் ஒன்றைப் பதிவு செய்தல், மாசுபட்ட உள்ளூர் இடம் ஒன்றைப் பார்வையிடல், பொதுவாகக் காணப்படும் செடி, பூச்சி, பறவைகளை அறிதல், எளிய சூழல் மண்டலம் ஒன்றை ஆராய்தல் ஆகியவை அக்களப்பணியின் கூறுகள். பாடத்தின் உயிர்நிலை ‘உள்ளூர்’ என்னும் சொல்லில் அமைந்துள்ளது.

தூத்துக்குடி மில்லர்புரத்தில் வசித்து, நகரக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் பயிலும் மாணவி ஒருவரைக் கருதிக்கொள்வோம். உப்பளமும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் அவர் சென்றுவரும் தொலைவிலேயே உள்ளன. கிழக்கே மன்னார் வளைகுடா. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளின் தென்முனை அவர் ஊரே. சுண்ணாம்புத் தேவைக்காகப் பவளப்பாறை வெட்டப்பட்டதும், வான் தீவு அரிப்பால் சுருங்கியதும் இக்கடலின் அண்மை வரலாறு. சங்க இலக்கியம் போற்றும் கொற்கை முத்தின் வழிவந்த முத்துக்குளிப்பு, அரசு நடத்திய நிலையில் 1961உடன் நின்றுபோயிற்று. 1973இல் தூத்துக்குடியிலிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டனர். தாமிர உருக்காலைக்கு எதிரான மக்கள் போராட்டத்தில் 2018 மே மாதம் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். சுற்றுச்சூழல் என்பது இந்நகரில் உயிரோடு பிணைந்த பொருள்.

இம்மாணவி ஸ்வயத்தில் சுற்றுச்சூழல் பாடமொன்றைத் தேர்ந்து, ஒப்படைப்புகளை முடித்து, நல்ல மதிப்பெண் பெறலாம். பல்லுயிர்ப் பெருக்கத்தின் இலக்கணமும் பன்னாட்டு உடன்படிக்கைகளின் ஆண்டும் அவருக்குத் தெரிந்திருக்கும். வான் தீவு ஏன் சுருங்கியது என்பதை அவர் அறிந்தாக வேண்டிய தேவை எழாது. அனைத்திந்திய மாணவருக்கென அமைந்த பாடத்தில் ஒரு கடற்கரைக்குத் தனியிடம் கிடைக்காதது இயல்பே; அதனைப் பாடம் வகுத்தவரின் குறையாகச் சொல்ல இயலாது. அப்பாடத்தைக் களப்பணி கொண்ட பாடத்திற்கு முழு ஈடாக ஏற்கும் கல்விக்குழுவின் முடிவே குறையுடையது.

மறுப்பொன்றையும் இங்கு எண்ண வேண்டும். வகுப்பறையில் நடத்தப்படுவதாலேயே களப்பணி நடந்துவிடுவதில்லை. பதிவேட்டை நிரப்புவதோடு முடியும் களப்பணியும் உண்டு. இது உண்மை. எனினும் அதற்குரிய தீர்வு களப்பணியைச் செம்மையாக்குவதே. செய்யப்படாத ஒன்றைப் பாடத்திலிருந்தே நீக்குதல் குறையை நிலைப்படுத்துவதாகும்.

அடிப்படைத் தமிழ்: இணையத்தின் வலிமையும் எல்லையும்

பள்ளியில் தமிழ் பயிலாத மாணவருக்கு உரியது அடிப்படைத் தமிழ். இங்கு இணையவழிக் கல்விக்கு நற்சான்று தமிழிலேயே உண்டு. 2001 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறி, புலம்பெயர் தமிழர் எழுத்தறிவு முதல் தமிழியல் பட்டப்படிப்பு வரை பயில வழிசெய்தது. வா.செ.குழந்தைசாமி போன்றோரின் முயற்சியில் உருவான அப்பாடங்கள், பெருந்திரள் இணையவழிப் பாடம் என்னும் பெயர் உலகில் வழங்குவதற்கு முன்பே எழுந்தவை. எழுத்துவடிவம், ஒலிப்பு, சொல்வளம் ஆகியவற்றை மீண்டும் மீண்டும் கேட்டுப் பயில இணையம் வகுப்பறையைவிட வசதியானது.

ஆனால் டொராண்டோவில் தமிழ் கற்கும் சிறுவனின் தேவையும், தமிழகக் கல்லூரியில் மூன்றாண்டு வாழும் பிறமொழி மாணவரின் தேவையும் ஒன்றல்ல. முன்னவருக்குத் தமிழ்ச்சூழல் அரிது. ஆதலால் இணையமே சூழலாகிறது. பின்னவரைச் சூழ்ந்து தமிழ் இருக்கிறது; அதற்குள் நுழையவே அவருக்குத் துணை தேவை. முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு 16ஆம் நூற்றாண்டில் வந்த அண்ட்ரிக் அடிகளார், தமக்குப் பின் வருவோர் பயன்கொள்ளப் போர்ச்சுகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் வரைந்தார். புன்னைக்காயலில் 1586இல் அச்சான அடியார் வரலாறு அவர் தமிழில் ஆக்கிய பெருநூல். நூல்வழிக் கல்வியை வகுத்த அவரே கடலோர மக்களிடையே பல்லாண்டு வாழ்ந்து மொழியறிந்தவர். நூலும் வாழ்வும் இணைந்த அந்நெறி அடிப்படைத் தமிழுக்கு இன்றும் பொருந்தும்: எழுத்துப் பயிற்சி இணையத்தில், உரையாடற் பயிற்சி தமிழ் ஆசிரியரிடம்.

துறை சாரா விருப்பப்பாடம்

இணையவழியின் பயன் மிகத் தெளிவாகப் புலப்படுவது இப்பிரிவில்தான். ஒரு கல்லூரியில் உள்ள துறைகளின் எண்ணிக்கையே மாணவரின் விருப்பத்துக்கு எல்லையாக இருந்தது. தமிழிலக்கிய மாணவர் மொழியியலோ தொல்லியலோ கணினியியலோ பயில விரும்பினால், அத்துறை இல்லாத கல்லூரியில் வழியில்லை. விதிகள் கூறும் இரண்டாம் காரணம் இங்கு முழுமையாகப் பொருந்துகிறது. என்பிடிஇஎல் பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது; எனினும் தேர்வும் உரையாடலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பது தமிழ்வழி மாணவருக்குத் தடையே.

நிறைவுரை

பகுதி 4ஐ ஒரே தொகுதியாகக் கருதி இணையவழிக்கு மாற்றுவதோ மறுப்பதோ பொருந்தாது. துறை சாரா விருப்பப்பாடத்தை முழுமையாக இணையவழியில் ஏற்கலாம். அடிப்படைத் தமிழில் பயிற்சிப் பகுதியை இணையத்திற்கும் உரையாடற் பகுதியை ஆசிரியருக்கும் பிரித்தளிக்கலாம். சுற்றுச்சூழல் கல்வியில் கோட்பாட்டை இணையவழியில் பயின்றாலும், களப்பணியைக் கல்லூரியே நடத்தி மதிப்பிட்ட பின்னரே தகுதிப்புள்ளி வழங்க வேண்டும். இதற்குப் புதிய விதி தேவையில்லை; 2016 விதிகள் கூறும் பாட ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை உண்மையான பாடவேளையாகக் கணக்கிட்டு ஆசிரியருக்கு அளித்தாலே போதும். பாடத்திட்டக் குழுக்களில் இடம்பெறும் தமிழாசிரியர்கள், ஓர் இணையவழிப் பாடத்துக்கு இசைவளிக்கும் முன், அதன் தகுதிப்புள்ளியோடு, அது ஈடுசெய்ய வந்த பாடத்தின் நோக்கத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும்.