தரையில் சொட்டாத கசிவு

வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனாலும் கூலன்ட் டப்பாவில் மட்டம் வாராவாரம் இறங்குகிறது. கைதேர்ந்த மெக்கானிக்குக்கு இப்படி ஒரு வண்டி வந்தால்தான் கை பரபரக்கும்.

அவர் முதலில் எடுப்பது சைக்கிள் பம்பு போன்ற ஒரு கைப்பம்பு. இஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அங்கே இதைப் பொருத்துவார். மூடியில் பொறித்திருக்கும் அழுத்தம் வரை காற்றடிப்பார். பல கார்களில் அது 0.9 முதல் 1.1 பார். பிறகு முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. முள் இறங்கினால் எங்கோ ஓட்டை. ஓடும்போது சூட்டில் ஆவியாகித் தப்பிய கசிவு, ஆறிய உலோகத்தில் துளியாகத் திரண்டு மாட்டிக்கொள்ளும்.

வாட்டர் பம்பின் சிறு துளையைச் சுற்றி உப்புப் பூத்தது போல் கறை இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது.

கண் தோற்றால் மூக்கு. காருக்குள் தித்திப்பான வாடை, கண்ணாடியில் பிசுக்கு மூட்டம், மிதியடிக்கு அடியில் வழுவழுப்பான ஈரம் என்றால், கசிவது காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோர்தான். (நாக்கில் தொட்டுப் பார்க்க வேண்டாம், எத்திலீன் கிளைக்கால் விஷம்.)

வெளியே எங்கும் தடயமில்லையா? சந்தேகம், இஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் இடையே அடைக்கும் ஹெட் கேஸ்கட் மீது திரும்பும். ரேடியேட்டர் வாயிலுள்ள காற்றை ஒரு குழாயில் நீலத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால், பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாகும். பட்டறையில் இதைவிட அழகான காட்சி குறைவு, செலவு செய்யப்போகிறவருக்குத் தவிர.

சில நாள் குற்றவாளி, கழற்றி ஓரமாக வைத்த மூடியேதான்: ஸ்பிரிங் தளர்ந்து, பொறித்த அழுத்தத்தை எட்டுவதற்கு முன்பே ஆவியை வெளியே விட்டுக்கொண்டிருந்திருக்கும்.