காலியான ஊரும் காலியாக்கப்பட்ட ஊரும்

ஸ்பெயினில் 2016ல் ஸெர்ஹியோ டெல் மோலினோ எழுதிய நூலின் தலைப்பு 'லா எஸ்பான்யா வஸியா'. காலியான ஸ்பெயின். உள்நாட்டு மாகாணங்களில் கிராமங்கள் ஆளற்றுப்போனதைப் பேசும் நூல். 2019 மார்ச் 31 அன்று அதே மாகாணங்களின் ஜனங்கள் மாட்ரிட் வீதிகளில் திரண்டபோது சொல் மாறியிருந்தது. 'வஸியா' இல்லை, 'வஸியாதா'. காலியாக்கப்பட்ட ஸ்பெயின். தன்வினை பிறவினையாகிவிட்டது. ஊர் தானாக ஓயவில்லை, ஓய்த்திருக்கிறார்கள். ஆனால் செயப்பாட்டுவினையில் ஒரு வசதி உண்டு என்பது இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரியும். 'யாரால்' என்பதைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். அந்த 'யாரால்' பற்றித்தான் இங்கே யோசிக்க விரும்புகிறேன்.

உடனே கைக்குக் கிடைக்கிற பதில்கள் உண்டு. 1985 ஜனவரி 1 அன்று சுமார் 900 கிலோமீட்டர் ரயில் பாதையை ஸ்பெயின் மூடியது. மூடியது வலதுசாரி அரசு அல்ல, சோஷலிஸ்ட் கட்சியின் அரசு. லாபமில்லை என்பது காரணம். ரயில் போனால் ஆள் போவான்; ஆள் போனால் பள்ளிக்கூடம் போகும்; பிறகு 'ஆளே இல்லாத ஊருக்கு ஆஸ்பத்திரி எதற்கு' என்று கேட்பது ரொம்ப சுலபம். விளைவையே காரணமாகக் காட்டும் இந்த வித்தைக்கு எதிராக 1999ல் தெருவேல் மாகாணத்தில் ஓர் இயக்கம் எழுந்தது. பெயர்: 'தெருவேல் எக்ஸிஸ்தே'. தெருவேல் இருக்கிறது. (நம் நண்பர்கள் 'இருத்தல்' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியதை இவர்கள் இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள்.) 2019 நவம்பர் தேர்தலில் அந்த இயக்கம் ஓர் இடம் வென்றது. 2020 ஜனவரியில் 167க்கு 165 என்று ஸாஞ்செஸ் பிரதமரானபோது அந்த ஒற்றை ஓட்டும் 167க்குள் இருந்தது. 2023ல் அந்த இடமும் போயிற்று.

ஆனால் ஒரு நாட்டின் ஓர் அரசைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதோடு இது முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்களையும் இலக்கியப் பிரதிகளைப் படிக்கிற அதே சந்தேகத்தோடு படிக்கவேண்டும் என்பது என் கட்சி. 1957ன் ரோம் ஒப்பந்தத்தில் 90ஆவது ஷரத்து (இன்று அது 106) 'பொதுப் பொருளாதார நலன் சார்ந்த சேவைகள்' என்றொரு தொடரைக் கொண்டுவருகிறது. வாய்க்குள் நுழையாத தொடர். போட்டி விதிகள் இவற்றுக்கும் பொருந்தும், அவற்றின் பணிக்கு இடையூறு வராத மட்டுக்கும் என்கிறது ஷரத்து. அதாவது சந்தை விதி, சேவை விதிவிலக்கு. தனக்கு விதிவிலக்கு வேண்டும் என்று நிரூபிக்கிற பாரம் சேவையின் தலைமேல்.

'சேவை' என்கிற சொல்லே நம்மிடம் வில்லங்கமானது. பெருமாள் சேவை சாதிக்கிறார்; பெரிய மனிதர்கள் சமூக சேவை செய்கிறார்கள். இரண்டிலும் வாங்குகிறவன் கை கீழேதான் இருக்கிறது. பிரெஞ்சில் 'ஸெர்வீஸ் பப்ளிக்' அப்படி அல்ல. அரசு என்பது ஆணையிடும் இறையாண்மை அல்ல, ஆள்பவர்கள் நடத்தியே ஆகவேண்டிய பொதுச் சேவைகளின் தொகுப்புதான் என்று லியோன் துகீ 1913ல் வாதிட்டார். அங்கே அரசு கடன்பட்டவன்.

2000ல் நீஸ் நகரில் அறிவிக்கப்பட்ட அடிப்படை உரிமைகள் சாசனத்தைப் பாருங்கள். மருத்துவம் பற்றிய 35ஆவது ஷரத்து 'ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு' என்று தொடங்குகிறது. அடுத்ததே 36. பொதுச் சேவைகளை மக்கள் பெறுவது பற்றியது. இங்கே எழுவாய் மாறிவிட்டது: 'ஒன்றியம்'. வினை: 'அங்கீகரிக்கிறது, மதிக்கிறது'. எதை? தேசியச் சட்டங்களும் நடைமுறைகளும் ஏற்கெனவே தருவதை. மனுஷன் வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விட்டான். பிரதேசங்களுக்கிடையேயான ஒருங்கிணைவு என்ற லட்சியம் மட்டும் வாக்கியத்தின் வாலில் தொங்குகிறது.

தபாலை எடுத்துக்கொண்டால் இது கைக்குத் தட்டுப்படும். 1840ல் பிரிட்டனில் ரோலண்ட் ஹில்லின் திட்டப்படி ஒரு பென்னிக்குக் கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் போனது. பக்கத்துத் தெருவுக்கும் அதே காசு, ஸ்காட்லாந்துத் தீவுக்கும் அதே காசு. நகரத்துக் கடிதத்தில் மிஞ்சுவது தீவுக் கடிதத்தின் நஷ்டத்தை ஏற்கிறது. நியாயம் என்பது தூரத்தில் இருப்பவனுக்குச் செய்கிற தர்மம் இல்லை, தூரத்தின் செலவை எல்லோரும் பங்குபோட்டுக்கொள்வது. 1993ன் கோர்போ வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றமே இதைப் புரிந்துகொண்டது. பெல்ஜியத்தின் லீஜ் நகரில் ஒருவர் தனியாகக் கடித விநியோகம் நடத்தினார். லாபமுள்ள இடத்தை மட்டும் தனியார் பொறுக்கிக்கொண்டால் நஷ்டமுள்ள இடத்தை யார் சுமப்பது என்ற கேள்வியை நீதிமன்றம் ஏற்றது. கூடவே, தபாலின் சமநிலையைக் குலைக்காத தனிச் சேவைகளுக்குக் கதவையும் திறந்துவிட்டது. 1997ன் தபால் நெறிமுறை வாரத்துக்கு ஐந்து நாள், எல்லா இடத்துக்கும், கட்டுப்படியாகும் விலையில் என்றது. 2008ன் நெறிமுறை சந்தையை முழுசாகத் திறக்கச் சொன்னது. டென்மார்க்கில் அந்தக் கடமை 2024ன் புதிய சட்டத்தில் நீங்கியது. 2025 டிசம்பர் 30 அன்று, 1624ல் தொடங்கிய அரசுத் தபாலின் வாரிசான போஸ்ட்நார்ட் தன் கடைசிக் கடிதத்தைக் கொடுத்து முடித்தது. இன்றும் அங்கே கடிதம் அனுப்பலாம், தனியார் கம்பெனி இருக்கிறது. அது கடமை இல்லை, வியாபாரம்.

இந்த இடத்தில் நம் வட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழும் என்று தெரியும். ஃபூக்கோ படித்தவர்கள் நாம். பள்ளி, மருத்துவமனை, தபால் எல்லாமே கண்காணிப்பின் கருவிகள்தானே, அரசு விலகினால் நல்லதுதானே? பாதி உண்மை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் பிரெத்தோன், ஒக்சித்தான் மொழிகளைப் பிள்ளைகளின் வாயிலிருந்து பிடுங்கியது. ரயிலும் பள்ளியும் ராணுவமும் எப்படி விவசாயிகளைப் பிரெஞ்சுக்காரர்களாக்கின என்று யூஜின் வெபர் 1976லேயே விரிவாக எழுதிவிட்டார். மறுக்கவில்லை. ஆனால் விலகுவது எது? 2018 நவம்பரில் எரிபொருள் வரிக்கு எதிராகப் பிரெஞ்சுச் சாலை ரவுண்டானாக்களில் உட்கார்ந்தவர்கள் போட்டிருந்த மஞ்சள் அங்கி, எல்லாக் காரிலும் இருந்தாகவேண்டும் என்று 2008ல் அரசு கட்டாயமாக்கியது. கார் இல்லாமல் வேலைக்கோ பிரசவ ஆஸ்பத்திரிக்கோ போகமுடியாத ஊர்க்காரர்கள் அவர்களில் நிறைய. வரி இருக்கிறது, சட்டம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. போனது சேவை மட்டும். இதை விடுதலை என்று கொண்டாட என்னால் முடியாது.

நம் இலக்கிய, சினிமா மனசுக்கு இந்த விஷயம் எளிதில் பிடிபடுவதில்லை என்பது என் இன்னொரு குறை. கென் லோச்சின் 'ஐ, டேனியல் பிளேக்' (2016) நியூகாஸிலில் நடக்கிறது. அலுவலகம் ஊருக்குள்ளேதான். தூரம் கிலோமீட்டரில் இல்லை, கணினித் திரையில். மௌஸை மேலே கொண்டுபோகச் சொன்னால் தச்சரான டேனியல் அதைத் தூக்கித் திரைமேல் வைக்கிறார். அருமையான காட்சி. ஆனால் லோச் டேனியலை எவ்வளவு நல்லவராக்கிவிடுகிறார்! அண்டை வீட்டாருக்கு உதவுகிறார், அந்நியப் பெண்ணின் பிள்ளைகளுக்குத் தாத்தாவாகிறார். எரிந்து விழுகிற, குடிகாரனான ஒரு டேனியலுக்கு அந்த உதவித்தொகை வேண்டாமா? பென்னித் தபால்தலை யாருடைய குணத்தையும் விசாரிக்கவில்லையே.

இன்னும் நுட்பமான சிக்கல் ஜான் பெர்ஜரும் ழான் மோரும் சேர்ந்து உருவாக்கிய 'எ ஃபார்ச்சுனேட் மேன்' (1967). இங்கிலாந்தின் டீன் வனப்பகுதியில் பின்தங்கிய ஒரு கிராமத்தில் தனியாளாக மருத்துவம் பார்த்த ஜான் ஸாஸல் பற்றிய நூல். தேசிய மருத்துவத் திட்டத்தின் டாக்டர்தான். ஆனாலும் நூலில் திட்டம் பின்னணிக்குப் போய் மனிதர் முன்னால் வந்துவிடுகிறார். ஊரின் வாழ்வையும் சாவையும் அவர் ஒருவரே நினைவில் சுமக்கிறார். பொதுச் சேவை மறுபடி தொண்டாகிவிடுகிற இடம் இது. பெர்ஜருக்கு இது தெரியாமல் இல்லை. ஸாஸலை ஆட்டிப்படைத்த மனச்சோர்வை அவர் எழுதுகிறார், நோயாளிகளின் வேதனையோடும் அந்த ஊரின் வறுமையோடும் அதைச் சேர்த்தே பார்க்கிறார். ஆனால் ராத்திரி கதவு தட்டப்பட்டால் அவருக்குப் பதிலாக எழுந்து போக இன்னொருவர் ஏன் இல்லை என்ற வறட்டுக் கேள்வி நூலில் உரக்க ஒலிக்கவில்லை.

ஸாஸல் 1982ல் தற்கொலை செய்துகொண்டார். நாற்பது வருஷம் கழித்து 2022ல், அதே பள்ளத்தாக்கில் வேலைபார்க்கும் பெண் மருத்துவர் ஒருவரைப் பற்றிப் போலி மோர்லாண்ட் எழுதினார். அவர் தனியாள் இல்லை, சக மருத்துவர்கள் உண்டு. நோயாளியை வருஷக்கணக்காக அறிந்து பார்க்கிற அந்த மருத்துவ முறை பிரிட்டனில் அருகிவருகிறது என்பதுதான் மோர்லாண்டின் கவலை.