நாணய ஆல்பம்: அழகு உண்டு, அறிவியல் உண்டா?

நாணயம் சேர்ப்பது நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொல்கிறோம். எப்படிச் சேர்ப்பது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. கடையில் ஓர் ஆல்பம் வாங்கு. காசில் அழுக்கு இருந்தால் தேய்த்துப் பளபளப்பாக்கு. நாடுவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் பிரித்து, பிளாஸ்டிக் பைகளில் செருகு. பள்ளிக் கண்காட்சிகளில் பரிசு பெறுவதும் இத்தகைய ஆல்பமே. திருத்தணியை அடுத்த எங்கள் கே.ஜி.கண்டிகைப் பக்கத்து மாணவர்கள் கொண்டுவந்து காட்டுவதும் இதுவே.

இந்த ஆல்ப முறை சரியானதுதானா என்று இக்கட்டுரையில் ஆராய்வோம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே. ஒரு நாணயம் தன்னோடு கொண்டுவந்த செய்தியை இந்த முறை காப்பாற்றுகிறதா, அழிக்கிறதா?

நாணயம் என்ன செய்தியைக் கொண்டுவருகிறது? அரசரின் தலையும் ஆண்டும் எழுத்தும்தானே என்று நீங்கள் கேட்கலாம். அவை கண்ணுக்குத் தெரியும் செய்திகள். தராசுக்கு மட்டுமே தெரியும் செய்தியும் ஒன்று உண்டு.

தேய்மானம் என்னும் கடிகாரம்

நம் நாட்டின் மிகப் பழைய நாணயங்கள் முத்திரை குத்தப்பட்ட வெள்ளிக் காசுகள். அவற்றில் அரசர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. சூரியன், மலை, விலங்கு போன்ற சின்னங்களே உண்டு. எது முந்தியது, எது பிந்தியது என்று எப்படி அறிவது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் கணிதப் பேராசிரியர் டி.டி.கோசாம்பி. 1940ஆம் ஆண்டையொட்டி அவர் தட்சசீலத்தில் கிடைத்த காசுகளை ஒவ்வொன்றாக நுண்தராசில் நிறுத்தார்.

அவருடைய கருத்து எளிமையானது. கைமாறும் ஒவ்வொரு முறையும் காசு அணுவளவு தேய்கிறது. தனி ஒரு காசை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் நூற்றுக்கணக்கான காசுகளின் சராசரி எடையை எடுத்தால், அதிக காலம் புழங்கியவை எடை குறைந்திருக்கும். அவற்றின் எடைகளுக்கு இடையேயுள்ள வேறுபாடும் மிகுந்திருக்கும். காசின் பின்புறத்தில் அவ்வப்போது சோதித்துக் குத்தப்பட்ட சிறு முத்திரைகளின் எண்ணிக்கை கூடக்கூடச் சராசரி எடை குறைந்து செல்வதை அவர் கண்டார். பெயரும் ஆண்டும் இல்லாத காசுகளைத் தராசே காலவரிசையில் நிறுத்திவிட்டது!

இப்போது ஆல்ப முறையின் முதல் அறிவுரைக்கு வருவோம். ‘தேய்த்துப் பளபளப்பாக்கு’ என்கிறது அது. நம் வீடுகளில் செம்புக்குப் புளியும் வெள்ளிக்கு விபூதியும் போட்டுத் தேய்ப்பது வழக்கம். குத்துவிளக்குக்கு இது பொருந்தும். நாணயத்துக்குப் பொருந்துமா? புளியில் உள்ள அமிலம் கறுப்புப் படலத்தைக் கரைக்கிறது. அந்தப் படலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட தூசி அன்று. காசின் செம்பே ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டானது. அதைக் கரைத்தால் காசின் மேற்பரப்பையே கரைக்கிறோம். விபூதியும் பற்பசையும் மெல்லிய அரத்தைப் போல் வேலை செய்கின்றன. நூறு ஆண்டுப் புழக்கத்தில் தேயாத நுண்கோடுகள் ஐந்து நிமிடத் தேய்ப்பில் போய்விடும். கோசாம்பி படித்த கடிகாரத்தின் முள்ளை நாமே திருப்பிவிட்டோம் என்று பொருள்.

அப்படியானால் துருப்பிடித்த பழங்காசுகளைத் துலக்கவே கூடாதா? கூடும், அது பயின்றவர் வேலை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே இதற்கென வேதியியல் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. எஸ்.பரமசிவன் அதன் பொறுப்பை ஏற்று, மின்பகுப்பு முறையில் வெண்கலப் பொருள்களைத் துலக்கினார். எந்த உலோகம், எந்த உப்பு என்று பகுத்தறிந்த பிறகே அங்கே கைவைப்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லாதபோது, தொடாமல் இருப்பதே சிறந்த பாதுகாப்பு.

முடிச்சை அவிழ்க்குமுன்

‘நாடுவாரியாகப் பிரி’ என்பது ஆல்ப முறையின் இரண்டாம் அறிவுரை. இதில் என்ன தவறு? மீண்டும் தட்சசீலத்துக்கே செல்வோம். 1924இல் அங்குள்ள பீர் மேட்டில் ஒரு புதையல் கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைக் காசுகளோடு அலெக்சாந்தரின் நாணயங்களும் அவருக்குப் பின் வந்த பிலிப்பின் நாணயமும் அதில் கலந்திருந்தன. இந்தக் கிரேக்க நாணயங்கள் புழக்கத்தில் தேயாமல் புதுமெருகோடு இருந்தன. ஆகவே அவை அச்சிடப்பட்டுச் சில ஆண்டுகளுக்குள், அதாவது கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், புதையல் மண்ணுக்குள் சென்றிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் முடிவு செய்தார்கள். முத்திரைக் காசுகளுக்கு ஓர் உறுதியான கால எல்லை கிடைத்தது.

இதே புதையல் நம் ஆல்ப நண்பர் ஒருவர் கையில் கிடைத்திருந்தால்? கிரேக்க நாணயங்கள் ‘வெளிநாடு’ என்ற பக்கத்துக்கும் மற்றவை ‘இந்தியா’ என்ற பக்கத்துக்கும் போயிருக்கும். ஒரு காசுகூடத் தொலைந்திருக்காது. ஆனாலும் செய்தி முழுவதும் தொலைந்திருக்கும்.

இது புதையலுக்கு மட்டும் உரிய நியாயம் அன்று. நம் வீடுகளில் வேண்டுதலுக்காகக் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தருகே வைப்பார்கள். பாட்டியின் பழைய பெட்டியில் அப்படி ஒரு முடிச்சு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஜார்ஜ் மன்னர் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்று, நடுவில் துளையுள்ள ஓட்டைக் காலணா ஒன்று, 1957ஆம் ஆண்டு நயா பைசா ஒன்று. ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை வெளிவந்தது. நயா பைசா 1957 ஏப்ரல் முதல் நாளில் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே முடிச்சு அதற்கு முன் போடப்பட்டிருக்க முடியாது. புதுக் காசு வந்த பிறகும் பழைய காசைத் தெய்வத்துக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. இந்த மூன்றையும் மூன்று பக்கங்களில் செருகிவிட்டால், கடையில் வாங்கிய மூன்று காசுகளுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு ஏது?

பிளாஸ்டிக் பையின் குறும்பு

இனி ஆல்பத்தின் உடலைப் பார்ப்போம். மலிவான ஆல்பத் தாள்கள் பல, பாலிவினைல் குளோரைடு என்னும் பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனவை. அது வளைந்து கொடுப்பதற்காக எண்ணெய் போன்ற மென்மையாக்கிகளைச் சேர்க்கிறார்கள். வெப்பத்திலும் நாட்பட்டும் இந்த எண்ணெய் கசிகிறது; பிளாஸ்டிக்கும் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை விடுகிறது. செம்புக் காசில் பச்சை நிறப் பிசுக்கு படிவது இதனால்தான். குளோரைடு ஒருமுறை செம்பில் ஏறிவிட்டால், காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து அரிப்பைத் தொடர்ந்து நடத்தும். வெண்கலத்தில் இதனை ‘வெண்கல நோய்’ என்றே சொல்கிறார்கள்.

உங்கள் ஆல்பம் பி.வி.சி.தானா என்று நீங்களே சோதிக்கலாம். செம்புக் கம்பி ஒன்றை இடுக்கியால் பிடித்து, சுடரின் நிறம் மாறாத வரை பழுக்கக் காய்ச்சுங்கள். சூட்டோடு அதைத் தாளின் ஓரத்தில் வெட்டிய சிறு துண்டின்மேல் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் உண்டு. புகை நச்சுத்தன்மை உடையது. ஆகவே ஆசிரியர் துணையோடு, காற்றோட்டமான இடத்தில், கடுகளவு துண்டைக் கொண்டு செய்ய வேண்டும்.

பாலிஎதிலீன், பாலிபுரோப்பிலீன், பாலியெஸ்டர் உறைகளில் இந்தத் தொல்லை இல்லை. அமிலமற்ற காகித உறையும் நல்லதே. ரப்பர் வளையத்தையும் கம்பளித் துணியையும் வெள்ளிக் காசுக்கு அருகில் விடாதீர்கள். அவற்றிலிருந்து வரும் கந்தக வாயுக்கள் வெள்ளியைக் கறுப்பாக்கும். சாதவாகனர் ஈயக் காசு வைத்திருப்போர் மரப்பெட்டியைத் தவிர்க்க வேண்டும். மரத்திலிருந்து வெளிவரும் அசெட்டிக் அமில ஆவி, ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். காசை எடுக்கும்போது முகத்தைத் தொடாமல் விளிம்பைப் பிடியுங்கள். வியர்வையில் உள்ள உப்பும் குளோரைடுதான்.

வளரும் தொகுப்புக்கு வரிசை

ஆல்பத்தின் கடைசிக் குறை, தொகுப்பு வளரும்போதுதான் தெரியும். 1962ஆம் ஆண்டுக் காசுக்கும் 1964ஆம் ஆண்டுக் காசுக்கும் நடுவில் 1963 வந்து சேர்ந்தால், பின்னால் உள்ள அத்தனையையும் உருவி மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் காசு உரசுகிறது. நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கும் ஒன்றாகக் கருத வேண்டும் என்பதை, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்றாகவே வைத்தார். நாணயத் தொகுப்புக்கும் அது பொருந்தும்.

வழி எளிது. காசு வந்து சேர்ந்த வரிசையிலேயே அதற்கு ஒரு நிலையான எண் கொடுங்கள். 2025ஆம் ஆண்டில் வந்த பதினேழாவது வரவு 2025-17. ஒரே முடிச்சில் வந்தவை 2025-17-1, 17-2, 17-3. எண்ணை உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள், காசின்மேல் எழுதாதீர்கள். உறைகள் எண் வரிசையில் பெட்டியில் நிற்கட்டும். எத்தனை வந்தாலும் பழையவை இடம் மாற வேண்டியதில்லை. நாடு, ஆண்டு, உலோகம் என்ற பாகுபாடுகளை எல்லாம் ஒரு பேரேட்டில் செய்துகொள்ளலாம். பேரேட்டில் ஒரு காசை நான்கு தலைப்பிலும் எழுத முடியும். ஆல்பத்தில் ஒரே இடத்தில்தான் செருக முடியும்.

பேரேட்டில் என்னென்ன எழுதுவது? எங்கே, எப்போது, யாரிடமிருந்து, எவற்றோடு சேர்ந்து வந்தது என்பது முதலில். பிறகு எடை, விட்டம், காந்தம் இழுக்கிறதா என்பது. 1947ஆம் ஆண்டு நிக்கல் ரூபாயைக் காந்தம் இழுக்கும். வெள்ளி ரூபாயை இழுக்காது. கல்லூரி ஆய்வுக்கூடத் தராசு கிடைத்தால் ஆர்க்கிமிடீஸ் முறையில் அடர்த்தியும் காணலாம். பழைய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அதன் அடர்த்தி ஏறத்தாழ 10.3. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். அந்த ரூபாயின் அடர்த்தி சுமார் 9.5. உரைகல்லில் உரசாமலே உண்மை தெரிந்துவிடுகிறது! கைப்பேசி இருந்தால் இரு பக்கங்களையும் அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள். பிறருக்குக் காட்ட அந்தப் படங்களைக் கொண்டே ஓர் ஆல்பம் செய்யலாம். ஆல்பத்துக்கு உரிய இடம் அதுவே.

மண்ணைத் தோண்டும்போது காசுகள் கிடைத்தால் அவை நம் தொகுப்புக்கு உரியவை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பானையோடும் மண்ணோடும் அப்படியே ஒப்படைப்பதே அறிவியலுக்குச் செய்யும் உதவி.

ஆல்ப முறை காசைக் கண்ணுக்கு அழகாகக் காட்டுகிறது; அதன் எடையையும் கூட்டையும் வரலாற்றையும் பறிகொடுக்கிறது. நம் அளவுகோலின்படி அது தேறவில்லை. வாசக நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு மஞ்சள் முடிச்சு இருக்கலாம். அதை அவிழ்க்குமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வையுங்கள். யார், எப்போது, எதற்காக முடிந்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காசு இன்னும் பல காலம் இருக்கும். சொல்லக்கூடியவர்கள் அப்படி இருக்கமாட்டார்கள்.