அம்மாவுக்கு என்ன வேண்டும்?

உழைக்கும் வர்க்கத்துத் தாய் என்றதும் ஒரு படம் தயாராக இருக்கிறது: எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை உண்பவள், தனக்கென்று எதுவும் கேட்காதவள். பிரிட்டனிலும் அந்தப் படம் உண்டு. ரிச்சர்ட் ஹாகர்ட் 1957இல் எழுதிய ‘தி யூசஸ் ஆஃப் லிட்டரசி’ வடக்கு இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பங்களைப் பரிவோடு காட்டும் நூல். ஆனால் அதில் வரும் தாய் வீட்டின் கதகதப்பாகவே இருக்கிறாள். அவளுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி எழுவதில்லை.

கரோலின் ஸ்டீட்மனின் ‘லேண்ட்ஸ்கேப் ஃபார் எ குட் வுமன்’ (1986) அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. ஸ்டீட்மன் 1947இல் பிறந்து தெற்கு லண்டனில் வளர்ந்தவர். அவருடைய அம்மா, நெசவாலைகளின் ஊரான பர்ன்லியிலிருந்து வந்தவர். அதே 1947இல் பாரிசில் டியோர், கெஜக்கணக்கில் துணி பிடிக்கும் ‘நியூ லுக்’ பாவாடையை அறிமுகப்படுத்தினார். பிரிட்டனில் அப்போதும் துணிக்கு ரேஷன். அம்மா அந்தப் பாவாடைக்கு ஏங்கினார். அது கிடைக்காமல் போனதற்குப் பிள்ளைகளும் ஒரு காரணம் என்பதை அவர் மறைக்கவில்லை.

முதல் வாசிப்பில் எனக்கு அந்த அம்மாவின் மேல் கோபம்தான் வந்தது. ‘சுயநலக்காரி’ என்று ஓரத்தில் எழுதியும் வைத்தேன். வேலைக்குப் போகிற ஓர் ஆண் நல்ல கோட்டுக்கு ஆசைப்பட்டால் அந்தச் சொல்லை எழுதியிருப்பேனா? அவர் கன்சர்வேட்டிவ் கட்சியை ஆதரித்ததையும் அறியாமை என்று ஒதுக்கலாம். ஸ்டீட்மன் ஒதுக்கவில்லை. பறிக்கப்பட்டவளின் பொறாமையும் அரசியல்தான் என்கிறார்.

நூலில் என்னை விடாமல் தொடர்வது ஒரு காட்சி. 1951இல் தங்கை பிறந்திருக்கிறாள். வீட்டைப் பார்க்க வந்த சுகாதார ஊழியர், இது குழந்தை வளர்க்கத் தகுந்த வீடல்ல என்று சொல்லிவிட்டுப் போகிறார். அம்மா அழுகிறார். நான்கு வயது மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதே அரசு தந்த ஆரஞ்சுச் சாறும் பள்ளிப் பாலும், தனக்கும் இவ்வுலகில் இடமுண்டு என்று உணர வைத்ததாக அந்த மகள் பின்னாளில் எழுதுகிறார்.

மகளுக்குப் பால், அம்மாவுக்கு அவமானம். நலவாழ்வு அரசைப் பாராட்டும்போது இந்த இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். மகள் படித்தார், எழுதினார். அம்மாவின் ஆசை மகளின் பேனா வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. அந்தக் குறையோடும் இது முக்கியமான நூல். ஓரத்தில் எழுதிய சொல்லை நான் அடித்துவிட்டேன்.