பயிற்சி யாருக்கு?

2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் கேரள அரசு கூட்டிய திரைப்படக் கொள்கை மாநாட்டில் அடூர் கோபாலகிருஷ்ணன் பேசியதைப் பலரும் இந்நேரம் மறந்திருப்பார்கள். முதல் படம் எடுக்க வரும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் பெண்களுக்கும் அந்த அரசு 1.5 கோடி ரூபாய் வரை கொடுக்கிறது. அதை 50 லட்சமாகக் குறைத்துப் பலருக்குக் கொடுக்கலாம், அதற்கு முன் குறைந்தது 3 மாதமாவது அவர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றார் அவர். அரங்கிலேயே எதிர்ப்பு எழுந்தது. "பயிற்சி வேணும்னு சொன்னது தப்பா?" என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 3 மாதம் இல்லை, 3 வருஷம் அந்தப் பயிற்சியை எடுத்தவன் நான். பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

நான் இனயத்துக்காரன். கடப்புறத்தில், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். நான் தலித் அல்ல. இந்தப் பக்கங்களில் எழுதும்போது அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் அம்மை கடவத்தோடு பஸ்ஸில் ஏறும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிற முகங்களைப் பார்த்து வளர்ந்தவன். சென்னையில் ஒரு கல்லூரியில் விஸ்காம் படித்தேன். சினிமா, டிவி, அனிமேஷன் மூன்றும் பாடத்தில் இருந்தன.

அனிமேஷன் வகுப்பில் முதல் பெரிய வேலை ஒரு நடையை வரைவது. ஒரு மனுஷன் நடந்து போகணும், அவ்வளவுதான். நான் அம்மையின் நடையை வரைந்தேன். தலையில் மீன்கடவம், காலடியில் மணல். ஆசிரியர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மனுஷன் நடந்தா தலை ஏறி இறங்கணும். உன் பொம்மை வழுக்கிக்கிட்டுப் போகுது."

"சார், தலையில சுமை இருக்கு. தலை ஏறி இறங்கினா மீன் கீழே கொட்டிரும்."

"முதல்ல சாதாரண நடையைப் போடு. உன் கதையை அப்புறம் பாத்துக்கலாம்."

சுமடு தூக்குகிறவளின் தலை நேர்கோட்டில் போகும். கழுத்து அசையாது. ஏற்ற இறக்கம் முழுவதையும் முழங்காலும் இடுப்பும் வாங்கிக்கொள்ளும். மணலில் குதிகால் புதையும், விரல்கள் ஊன்றும். கருங்கல் சந்தைக்கு மீன் கொண்டுபோன பெண்கள் எல்லோரும் இப்படித்தான் நடந்தார்கள். உருவத்துக்குக் கனம் இருப்பது அசைவில் தெரிய வேண்டும் என்பது அனிமேஷனின் அடிப்படை விதிகளில் ஒன்று. முந்தின வாரம் அதைச் சொல்லிக்கொடுத்தவரும் அதே ஆசிரியர்தான். அவர் கெட்டவர் இல்லை. அவர் படித்த புத்தகத்தில் சாதாரண மனுஷன் சமதரையில் வெறுங்கையோடு நடக்கிறான். இந்த நாட்டில் வெறுங்கையோடு நடக்க வாய்த்தவன் யார்? தன் சுமையைத் தூக்க வேறு ஆள் இருப்பவன். அவன் நடை பாடமானது. மற்ற எல்லார் நடையும் 'அப்புறம்' ஆனது.

டிவி வகுப்புக்கு வருவோம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி அடித்தது. அடுத்த பருவத்தில் அந்தச் செய்திக் காட்சிகள் எங்களுக்குப் பாடமாக வந்தன. எங்கள் கடற்கரையின் அம்மைமார் நெஞ்சிலடித்து அழுகிறார்கள். உணர்ச்சியை அண்மைக்காட்சியில் பிடிப்பது எப்படி என்று வகுப்பு நடந்தது. டிசம்பர் 7 அன்று இதே கடற்கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போய்க் குழித்துறை ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். ஆழ்கடலில் கிடக்கிற எங்கள் ஆட்களைத் தேடு என்று அரசாங்கத்திடம் கேட்டார்கள். அந்தக் காட்சி பாடத்தில் இல்லை. எங்கள் பெண்களின் அழுகை பாடமானது, அவர்கள் கேட்ட கேள்வி பாடமாகவில்லை.

சினிமா வரலாற்றுத் தாளில் கிரிஃபித் 1915-இல் எடுத்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' இருந்தது. இரண்டு இடங்களில் நடப்பதை மாற்றி மாற்றி வெட்டிக் காட்டும் உத்திக்கு அது உதாரணம். காப்பாற்றக் குதிரையில் விரைகிறவர்கள் கூ க்ளக்ஸ் க்ளான் என்பதும், கறுப்பர்களைக் கொன்ற கும்பலை அந்தப் படம் வீரர்களாக்கியது என்பதும் தேர்வுக்கு வராது. உத்தி வரும். பால்கே 1913-இல் எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'வும் இருந்தது. அதில் தாராமதியாக ஓர் ஆண் நடித்தார், பெண்கள் நடிக்க முன்வரவில்லை என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம்.

முன்வந்த ஒரு பெண்ணுக்கு என்ன நடந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஜே.சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படம் 'விகதகுமாரன்' 1928-இல் வெளியானதாகச் சொல்வார்கள். 1930 என்போரும் உண்டு. அதன் நாயகி பி.கே. ரோஸி புலையர் சாதியில் பிறந்தவர். நாயர்ப் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரத்தில் திரையிட்டபோது ஆதிக்கச் சாதியினர் திரையைக் கல்லால் அடித்தார்கள். அவர் குடிசையைக் கொளுத்தினார்கள். ஒரு லாரி ஓட்டுநரின் துணையோடு தப்பி வந்து, ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்து மறைந்தார் ரோஸி. டேனியலும் கடைசிக் காலத்தை எங்கள் மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் கழித்து 1975-இல் இறந்தார்.

நாகர்கோவில் நான் பஸ் ஏறிப் போய்ப் படம் பார்த்த ஊர். 3 வருஷம் சினிமா படித்தும் அங்கே ரோஸி வாழ்ந்தார் என்பது எனக்குத் தெரியாது. 2022-இல் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்தியபோதுதான் தெரிந்துகொண்டேன். ரோஸிக்குப் பயிற்சி இல்லாமல் இல்லை. அவர் காக்காரிசி நாடகத்தில் ஆடிப் பாடிப் பழகியவர். பயிற்சி இல்லாமல் வந்தது கல்லெறிந்த கூட்டம். திரையில் ஒரு பெண்ணைப் பெண்ணாகப் பார்க்க அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

அது பழைய கதை என்று சொல்ல முடியாது. கோட்டயம் மாவட்டம் தெக்கும்தலையில் கே.ஆர். நாராயணன் பெயரில் அரசுத் திரைப்படக் கல்வி நிறுவனம் இருக்கிறது. நாட்டின் முதல் தலித் குடியரசுத் தலைவரின் பெயர் அது. 2022 டிசம்பரில் அங்கே மாணவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சேர்க்கையில் இடஒதுக்கீடு மீறப்பட்டது, துப்புரவுப் பெண்களை இயக்குநர் வீட்டில் கழிவறை கழுவ வைத்தார்கள் என்பவை குற்றச்சாட்டுகள். இயக்குநர் மறுத்தார். போராட்டம் ஏறக்குறைய 50 நாள் நடந்தது. 2023 ஜனவரியில் இயக்குநர் விலகினார். அவருக்காகப் பேசிய நிறுவனத் தலைவரும் மாதக் கடைசியில் விலகினார். அந்தத் தலைவர் அடூர் கோபாலகிருஷ்ணன். அதனால்தான் 2025-இல் அவர் வாயிலிருந்து வந்த 'பயிற்சி' என்ற சொல் எனக்குச் சாதாரணச் சொல்லாகக் கேட்கவில்லை.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வெளிச்சம் வைப்பதும் படத்தை வெட்டி ஒட்டுவதும் அந்த வகுப்புகளில்தான் எனக்குக் கைவந்தன. எங்க பிள்ளைகளும் போகணும், ஒதுக்கிய இடங்கள் ஒவ்வொன்றும் நிரம்பணும். ஆனால் இடம் கிடைத்து உள்ளே போகிறவனுக்கு அங்கே இருக்கிற பாடம் யாருடையது? முதல் வகுப்பில் ரோஸியைச் சொல்லுங்கள். கிரிஃபித்தின் உத்தியைச் சொல்லும்போது அது யாருக்கு எதிராக வேலை செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சுமையோடு நடக்கிறவளின் நடையையும் சாதாரண நடை என்று வையுங்கள். இதற்கு ஆசிரியர்களுக்கு 3 மாதம் தேவையென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. போன விடுமுறையில் அந்தப் பழைய படத்தைப் போனில் அம்மையிடம் காட்டினேன். இரண்டு மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். "நடை சரிதான் மக்கா. சும்மாட்ட எங்க போட்ட?" என்றாள்.

நான் வரைந்த கடவம் வெறுந்தலையில் இருந்தது. வகுப்பில் நான் அவ்வளவு வாதாடியபோதும் என் கண்ணில் அது படவில்லை. அன்று ராத்திரி சும்மாடு வைத்துத் திரும்ப வரைந்தேன்.