77 சென்டிமீட்டர் படுக்கை

போன தீபாவளி முடிந்து தங்கச்சியைச் சென்னையில் கொண்டுபோய் விடும்போது தோன்றிய கேள்வி இது. ஒன்றரை வயசுக் குழந்தையை ரயிலில் எங்கே தூங்க வைப்பது? கேட்டால் ரொம்பச் சின்ன விஷயம். ஆனால் திண்டுக்கல் ஜங்ஷனில் இரவு வண்டி ஏறி, விடியக்காலையில் எழும்பூரில் இறங்குகிற எந்தத் தாயிடமும் கேட்டுப் பாருங்கள், அது சின்ன விஷயமாக இருக்காது.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு நடு பெர்த், ஒரு மேல் பெர்த். எதிரே இருந்த ஒரு அம்மாச்சி, மனசிரங்கித் தன் கீழ் பெர்த்தைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் இருந்த தன் மகனின் கீழ் பெர்த்துக்கு மாறிக்கொண்டார். மகன் எங்கள் நடு பெர்த்துக்குப் போனார். பாப்பாவைச் சுவர்ப்பக்கம் போட்டால் மூச்சு முட்டுமோ என்று பயம். வெளிப்பக்கம் போட்டால் விழுந்துவிடுமோ என்று பயம். கீழ் பெர்த்தின் அகலம் ஏறக்குறைய இரண்டடி. நடு பெர்த்தைத் தூக்கி மாட்டியபிறகு கீழே நிமிர்ந்து உட்காரவும் முடியாது. தங்கச்சி ஒரு கையை வேலி மாதிரி வைத்துக்கொண்டு ஒருக்களித்தே கிடந்தாள்.

அம்மாச்சி சொன்னார்: "ஏத்தா, பழைய சேலை இருந்தா எடு. இங்கிட்டும் அங்கிட்டும் சங்கிலியில மாட்டி ஒரு தூளி கட்டிருவோம். வண்டியே ஆட்டி விட்டுரும்."

தங்கச்சி யோசித்தாள். "ராத்திரி மேல இருக்கறவங்க இறங்குனா கால் பட்டுருமே அம்மாச்சி." தூளி கட்டவில்லை. நான் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்தவன், திருச்சி வந்தது தெரியும்; அடுத்து கண் முழித்தது தாம்பரத்தில். அவள் விழுப்புரம் வரைக்கும் தூங்கவே இல்லை என்று பிறகு சொன்னாள். அன்று காலை ஒன்பதரைக்கு அவளுக்கு ஆபீஸ். 'மாமன் கூட வர்றேன்'னு பெருமையாகக் கிளம்பியவன் செய்த உதவி, பையைத் தூக்கியது மட்டும்தான்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் கொஞ்சம் தேடினேன். இதற்கென்று ஒரு பொருள் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது. 'பேபி பெர்த்.' இந்தக் குறிப்பு அதைப் பற்றிய விமர்சனம். புத்தகத்தையும் சினிமாவையும் விமர்சிக்கிற நாம், தினம் கைபடுகிற பொருட்களை விமர்சிப்பது குறைவு. ஒரு பொருளும் ஒரு வாக்கியம் மாதிரிதான். தன்னைப் பயன்படுத்தப் போகிறவர் யார் என்று அதைச் செய்தவர் என்ன நினைத்தார் என்பதை அது சொல்லிவிடும். நான் அதை நேரில் பார்த்ததில்லை. வெளியான படங்களையும் அளவுகளையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

2022 மே 8, அன்னையர் தினம். வடக்கு ரயில்வே, லக்னோ மெயிலின் ஒரு மூன்றாம் வகுப்பு ஏசி பெட்டியில், 12, 60 என்ற இரண்டு கீழ் பெர்த்துகளோடு சேர்த்து ஒரு குட்டிப் பெர்த்தைப் பொருத்தியது. கீழ் பெர்த்தின் வெளி ஓரத்தில் கீல் வைத்து மடக்கி விரிக்கிற மாதிரி அமைப்பு. வேண்டாதபோது அடியில் மடிந்துகொள்ளும். நீளம் 770 மில்லிமீட்டர், அகலம் 255, உயரம் 76.2. குழந்தை விழாமல் இருக்க வாரும் தடுப்பும் உண்டு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இரவு ரயிலில் ஒரு குழந்தையும் படுக்கும் என்பதை ஒரு நிர்வாகம் மரமும் இரும்புமாக ஒத்துக்கொண்டது சின்ன விஷயம் இல்லை. கையடக்கமாக மடிவதும் நல்ல யோசனை. காசு கூடுதலாக வாங்கவும் இல்லை.

இனி அளவுக்கு வருவோம். 77 சென்டிமீட்டர் நீளம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில், ஒரு வயசு ஆண் குழந்தையின் நடுநிலை உயரம் ஏறக்குறைய 76 சென்டிமீட்டர்; பெண் குழந்தைக்கு 74. ஒன்றரை வயசில் 82, 81 என்று போய்விடும். அதாவது சராசரிக் குழந்தை பதினாலு, பதினஞ்சு மாசத்திலேயே இந்தப் படுக்கையை விட நீளமாகிவிடும். அகலம் 25.5 சென்டிமீட்டர், பள்ளிக்கூட ஒரு அடி ஸ்கேலை விட ஐந்து சென்டிமீட்டர் குறைவு. மூணு மாசக் குழந்தை வைத்த இடத்தில் கிடக்கும். புரள ஆரம்பித்த குழந்தை கிடக்காது. தூக்கத்தில் முழு வட்டம் சுற்றி வந்து நம் முகத்தில் கால் வைக்கிற பிள்ளைகளை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம்.

ஆக, யாருக்கு இந்த ஏற்பாடு மிக அதிகம் தேவையோ அவர்களுக்கு இது பொருந்தவில்லை. கைக்குழந்தையைத் தாய் நெஞ்சோடு அணைத்தாவது சமாளிப்பாள். ஒரு வயசுக்கு மேல் நாலு வயசு வரை உள்ள பிள்ளைதான் கஷ்டம். அதற்கு இடமும் வேண்டும், தடுப்பும் வேண்டும்.

இரண்டாவது சிக்கல், வைத்த பக்கம். குழந்தை வெளி ஓரத்தில், ஆட்கள் ஏறி இறங்குகிற இடத்தில், மேலேயிருந்து பையோ பாட்டிலோ விழக்கூடிய இடத்தில் படுக்கிறது. இந்தக் குறையைச் செய்தவர்களே உணர்ந்திருக்கிறார்கள். 2023-ல் வந்த திருத்திய வடிவத்தில் மேலே ஒரு மறைப்பு சேர்ந்தது, பிள்ளைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் படங்களும் சேர்ந்தன. பிறகு நாடாளுமன்றத்தில் ரயில்வே அமைச்சர் அளித்த பதிலில், பயணிகளின் கருத்து நல்லதாகவே இருந்தாலும், இருக்கைக்கு அடியில் பெட்டி வைக்கும் இடம் குறைகிறது, இருக்கைகளுக்கு இடையிலான தூரமும் குறைகிறது என்ற காரணங்கள் வந்தன. நியாயமான காரணங்கள்தான். ஆனால் கவனியுங்கள்: குழந்தைக்கும் சூட்கேஸுக்கும் இடப்போட்டி வந்தால் என்ன செய்வது என்பதுதான் அங்கே உண்மையான கேள்வி.

இது ரயிலுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியபோது நம் ஊர்க்காரர்கள் சிலரும் குடும்பத்தோடு போனார்கள். இந்த மாதிரிக் கப்பல்களில் கேட்டால் மடக்குத் தொட்டில் கொடுப்பது உலக வழக்கம். மடக்குத் தொட்டில் பொதுவாக 100-க்கு 72 சென்டிமீட்டர் அளவில் வரும். பேபி பெர்த்தைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் பரப்பு. நாலு பக்கமும் வலைச்சுவர். குழந்தை எப்படி வேண்டுமானாலும் புரளலாம். ஆனால் அதை விரித்தால் சின்ன கேபினில் தரை காலி. ராத்திரி பாத்ரூம் போகக் கட்டிலைத் தாண்டி ஏற வேண்டியதுதான். விமானத்தில் முன்சுவரில் மாட்டுகிற கூடைத் தொட்டிலுக்கு எடை வரம்பு உண்டு. வானம் குலுங்கினால் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கப்பல், விமானம், ரயில் மூன்றுக்கும் ஒரே கதைதான். பெரியவர்களுக்கான இடத்தை முழுசாகப் பங்கிட்டு முடித்த பிறகுதான் பிள்ளை நினைவுக்கு வருகிறது.

அப்படியென்றால் அம்மாச்சி சொன்ன தூளி?

தூளியின் அழகு, அது தரையையே கேட்பதில்லை என்பதுதான். ஒருவருக்கும் தேவைப்படாத காற்றுவெளியில் தொங்குகிறது. நிலக்கோட்டைப் பக்கம் பூ எடுக்கிற காடுகளில் வேப்பமரத்துக் கிளையில் தூளி தொங்கும். அம்மா ஒரு சால் பூ எடுத்துவிட்டு வந்து ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போவார். நாலு வருஷம் கட்டி மெலிந்த சின்னாளப்பட்டிச் சேலை அதற்கு உகந்தது. புதுத்துணி வழுக்கும், பழசு பிள்ளையின் உடம்பைப் பிடித்துக்கொள்ளும். பையில் வைத்தால் எடையே தெரியாது. வடிவமைப்பு என்று பார்த்தால் இதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு போடலாம்.

ஆனால் 'நம்ம பாட்டிகளுக்குத் தெரியாததா' என்று முடிக்க எனக்கு மனசில்லை. தூளியில் குழந்தையின் முதுகு வளைகிறது, தாடை நெஞ்சில் படுகிற மாதிரி தலை மடியலாம். சின்னச் சிசுவுக்கு அது மூச்சுப்பாதையை நெருக்கும். அதனால்தான் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் தூளியில் ஏறி விளையாடிச் சேலை கழுத்தில் சுற்றிய செய்திகளையும் நம் ஊர்ப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். வீட்டில் பக்கத்திலேயே யாராவது முழித்திருப்பார்கள். ஓடுகிற வண்டியில், விளக்கணைத்த பெட்டியில், ஆள் இறங்குகிற வழியில் கட்டிய தூளி வேறு விஷயம். தங்கச்சி யோசித்தது சரிதான். தூளி பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம் சேலை இல்லை, பக்கத்தில் முழித்திருக்கிற இன்னொரு ஆள்.

இங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. பேபி பெர்த், தூளி இரண்டிலும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தேன். பொருள் இல்லாமலே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது.

ரயில்வேயில் கீழ் பெர்த்துக்கு ஒரு தனி ஒதுக்கீடு உண்டு. மூத்த குடிமக்கள், 45 வயசும் அதற்கு மேலும் உள்ள பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு. ஸ்லீப்பரில் ஒரு பெட்டிக்கு ஆறேழு கீழ் பெர்த், மூன்றாம் வகுப்பு ஏசியில் நாலைந்து. நல்ல ஏற்பாடு. ஆனால் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்வரை தாய்க்குக் கீழ் பெர்த்தில் உரிமை இருக்கிறது. பிள்ளை வெளியே வந்து, புரண்டு, தவழ்ந்து, விழக்கூடிய வயசு வந்ததும் அந்த உரிமை இல்லை. முப்பது வயசுத் தாயும் ஒன்றரை வயசுப் பிள்ளையும் நடு பெர்த்துக்குப் போக வேண்டியதுதான், எதிரே ஒரு அம்மாச்சி இரங்கும்வரை.

ஐந்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், தனிப் பெர்த் வேண்டுமென்றால் முழுக்கட்டணம். இதுவும் தாராளமான விதிதான். ஆனால் இலவசம் என்பதாலேயே அந்தப் பிள்ளை இடக்கணக்கில் வருவதில்லை. ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது பெர்த் இல்லாத கைக்குழந்தையின் பெயரையும் வயசையும் சேர்க்க இடம் இருக்கிறது. அதாவது பிள்ளை வருகிறது என்று கேட்கத் தெரிந்திருக்கிறது. கேட்டதற்கேற்ப அம்மாவைக் கீழே போடுவதற்குக் கீல் வேண்டாம், இரும்பு வேண்டாம், சூட்கேஸோடு சண்டை வேண்டாம். பட்டியலில் ஒரு வரி போதும்.

அதற்கு மேல் ஒரு பொருளும் செய்யலாம் என்றால், நான் கேட்பது குட்டிப் பெர்த் இல்லை. மேல் பெர்த்தின் ஓரத்தில் ஏற்கெனவே ஒரு சின்னத் தடுப்புக் கம்பி இருக்கிறது. அதே மாதிரி கீழ் பெர்த்துக்கு, வேண்டும்போது மாட்டிக்கொள்கிற ஒரு வலைத்தடுப்பு. குழந்தை உள்ளே, அம்மா ஓரத்தில், தடுப்பு அம்மாவுக்கும் சேர்த்து. அது மூணு மாசத்துக்கும் பொருந்தும், மூணு வயசுக்கும் பொருந்தும். அப்பா படுத்தாலும் பொருந்தும். அன்னையர் தினத்தில் பிறந்த பேபி பெர்த், ராத்திரிக் காவல் அம்மாவின் வேலை என்று கேட்காமலே முடிவு செய்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

நானும் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். மேலே ஏறிப் படுப்பதற்கு முன்னால், "திருச்சி வரைக்கும் நான் முழிச்சிருக்கேன், நீ தூங்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த ரயில்வேயின் உத்தரவும் தேவைப்பட்டிருக்காது.

பொங்கலுக்கு அவளைக் கூட்டிவர மறுபடி போகிறேன். இந்த முறை பாப்பாவுக்கு 84 சென்டிமீட்டர். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுப் படம் அனுப்பியிருந்தாள். கீழ் பெர்த் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பாதி ராத்திரி என்னுடைய காவல்.